ரேங்க் லிஸ்ட் மட்டும் போதுமா? கோடிங் போட்டி முடிவுகளைச் சேர்த்து வைக்க நான்கு வழிகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கோடிங் கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் மூன்றாமாண்டுத் தம்பி ஒருவர் போன வாரம் அழைத்தார். "அண்ணே, மூணு வருசமா மாசம் ஒரு போட்டி நடத்துறோம். யாரு முன்னேறியிருக்கா, யாரு பாதியில விட்டுட்டான்னு ஹெச்ஓடி கேட்டா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. போட்டோவும் சர்டிபிகேட்டும்தான் கிடக்கு. எக்செல் போதுமா, இல்ல சொந்தமா போட்டி நடத்துற டோம்ஜட்ஜ் மென்பொருளைப் போட்டுரலாமா?"

அதே வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பள்ளிக் கணினி ஆசிரியையும் ஏறக்குறைய இதையே கேட்டார். அவரிடம் இருப்பது பதினெட்டுப் பிள்ளைகளும் பன்னிரண்டு கணினிகளும்தான். இந்தியக் கணினி ஒலிம்பியாடின் முதல் சுற்றுக்கு அவர்களைத் தயார் செய்கிறார்.

இருவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பது இருவருக்கும் ஒன்றுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

தோற்ற சப்மிஷன்கள், அதாவது அனுப்பித் தவறென்று தள்ளப்பட்ட நிரல்கள், பதிவில் தங்குமா? என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம்தான்.

ஐசிபிசி (கல்லூரி அணிகளுக்கான உலகளாவிய நிரலாக்கப் போட்டி) முறையில் ஒரு போட்டி என்று வைத்துக்கொள்வோம். எத்தனை கணக்கு (நிரல் எழுதித் தீர்க்க வேண்டிய கேள்வி) தீர்ந்தது என்று முதலில் பார்ப்பார்கள். அது சமமானால் பெனால்டி நேரம். தீர்ந்த ஒவ்வொரு கணக்குக்கும் போட்டி தொடங்கியதிலிருந்து ஆன நிமிடங்களைக் கூட்டி, அதே கணக்கில் அதற்கு முன் விழுந்த ஒவ்வொரு தவறான சப்மிஷனுக்கும் 20 நிமிடம் சேர்ப்பார்கள். முதல் அணி 25, 70, 140ஆம் நிமிடங்களில் மூன்று கணக்குகளை முடித்தது. இரண்டாவது கணக்கில் மட்டும் இரண்டு ராங் ஆன்சர். மொத்தம் 275. இன்னோர் அணி 40, 95, 130ஆம் நிமிடங்களில் மூன்றை முடித்தது, ஒரு தவறும் இல்லை. மொத்தம் 265. ரேங்க் லிஸ்ட்டில் இரண்டாம் அணி மேலே நிற்கும்.

இந்த இரண்டு எண்களை மட்டும் பார்க்கிற பயிற்சியாளர் முதல் அணி மெதுவானது என்றுதான் நினைப்பார். உண்மையில் அவர்கள்தான் முதலிரண்டு கணக்குகளையும் சீக்கிரம் முடித்தவர்கள். சரிபார்க்காமல் அவசரப்பட்டு அனுப்பியதில் 40 நிமிடம் போய்விட்டது. அவர்களுக்குத் தேவை வேகப் பயிற்சி இல்லை, அனுப்புவதற்கு முன் ஒரு சின்ன உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்க்கும் பழக்கம். இன்னொன்றும் உண்டு. அதே அணி கடைசி ஒன்றரை மணி நேரம் நாலாவது கணக்கோடு மல்லுக்கட்டி ஒன்பது முறை தோற்றிருக்கலாம். தீராத கணக்குக்குப் பெனால்டி கிடையாது. எனவே மொத்தத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்தின் சுவடே இருக்காது. படிக்க வேண்டியதே அதுதான்.

ஒரே ஆள் ஒரே ஆளாகத் தெரிவாரா? நம் ஊரில் இது பெரிய தலைவலி. ஒரு வகுப்பில் மூன்று இசக்கிமுத்து, இரண்டு சங்கரநாராயணன் இருப்பது சாதாரணம். அதே இசக்கிமுத்து ஆங்கிலத்தில் ஒரு போட்டியில் ஈயில் தொடங்குவார், அடுத்ததில் ஐயில். நடுவில் எஸ் ஒன்றா இரண்டா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. இனிஷியல் சில நேரம் முன்னால், சில நேரம் பின்னால். பெயரை வைத்து ஒரு வருடத் தரவை இணைத்தால் ஒருவர் நால்வர் ஆவார், மூவர் ஒருவர் ஆவார்கள். ஆகவே ரெஜிஸ்டர் நம்பர்தான் ஆதாரம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் 12 இலக்கத்திலேயே கல்லூரி, சேர்ந்த ஆண்டு, துறை, வரிசை எண் எல்லாம் அடங்கியிருக்கும். பள்ளிக்கு அட்மிஷன் நம்பர்.

மே மாதத்துக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? இறுதியாண்டு மாணவர் எழுதிய ஸ்கிரிப்ட் அவரோடு சேர்ந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடும். எந்த வழியை எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பிள்ளைகளின் பெயர் எங்கே போகிறது? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர்கள் தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, முதலாமாண்டில் சேரும் பலரும் இதற்குள்தான் வருவார்கள். கடைசி ரேங்க் வரை பெயர் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டும் வழக்கத்தைச் சட்டம் பார்க்காவிட்டாலும் நாம் விட்டுவிடலாம்.

பணத்தை நான் அளவுகோலாகச் சேர்க்கவில்லை. நான்கு வழிகளுக்கும் லைசென்ஸ் கட்டணம் இல்லாமலே வேலை நடக்கும். செலவாவது நேரமும் ஆளும்தான்.

## வழி 1: கையால் நிரப்பும் ஷீட்

எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ, எதுவானாலும் சரி. பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, ஒரு மாணவருக்கு ஒரு வரி என்று வைத்து, ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு புது நெடுவரிசை சேர்த்துக்கொண்டே போவது. ஆறு மாதத்தில் ஷீட் அகலத்தில் ஓடும், எதையும் கணக்கிட முடியாது. ஒரு மாணவர், ஒரு கணக்கு, ஒரு வரி என்று வையுங்கள். தேதி, போட்டி, ரெஜிஸ்டர் நம்பர், கணக்கு, எத்தனை முயற்சி, தீர்ந்த நிமிடம், கடைசியாக வந்த தீர்ப்பு (சரியா, தவறா): ஏழு நெடுவரிசை போதும். அப்புறம் பைவட் டேபிள் (தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை) எல்லாம் தானாக வரும்.

முப்பது பேர், ஐந்து கணக்கு என்றால் 150 வரி. ஒருவர் வாசிக்க ஒருவர் அடித்தால் ஒரு மாலைப்பொழுது போகும். மாதம் ஒரு போட்டிக்கு இது தாங்கும், வாரம் ஒன்று என்றால் மூன்றாவது வாரமே நின்றுவிடும்.

இதன் மறைசெலவை நானே பட்டு அறிந்தேன். ஒரு கல்லூரிக்கு இரண்டு செமஸ்டர் தரவைத் தொகுத்துக் கொடுத்தேன். சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த எளிய தரவு ஃபைல்) எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, சேவ் செய்து அனுப்பினேன். மறுநாள் அந்தத் தம்பியிடமிருந்து போன்: "அண்ணே, எல்லாருக்கும் ஒரே ரெஜிஸ்டர் நம்பர் வருது." 12 இலக்க எண்ணை எக்செல் 9.53E+11 என்று சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமித்தால் அந்தச் சுருக்கத்தையே எழுதிவிடும். கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். மூலப் பிரதி இருந்ததால் தப்பித்தேன். அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

தோற்ற சப்மிஷன்களின் எண்ணிக்கை ஷீட்டில் நிற்கும், ஆனால் எந்த நிமிடத்தில் எப்படித் தோற்றது என்பது நிற்காது. அம்பாசமுத்திரம் டீச்சருக்கு இதுவே போதும். பதினெட்டுப் பிள்ளைகள்தான் என்பதால் அவர் பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். ஒரே ஒரு மாற்றம்: ஒலிம்பியாட் வகைக் கணக்குகளில் பகுதி மதிப்பெண் உண்டு. சர்வதேச ஒலிம்பியாடில் இரண்டு நாள், நாளுக்கு மூன்று கணக்கு, ஒவ்வொன்றும் 100, ஆக 600. தீர்ந்ததா இல்லையா என்று மட்டும் குறித்தால், சிறிய உள்ளீடுகளுக்குச் சரியாகச் செய்து 30 வாங்கிய பிள்ளையும் தொடவே தொடாத பிள்ளையும் ஒன்றாகிவிடுவார்கள். எனவே 'தீர்ந்த நிமிடம்' இருக்கும் இடத்தில் மதிப்பெண்.

## வழி 2: தளம் தரும் பட்டியலை அப்படியே எடுத்து வைப்பது

ஹேக்கர்ரேங்க், கோட்செஃப், கோட்ஃபோர்சஸ் போன்ற கோடிங் போட்டித் தளங்கள் எல்லாவற்றிலும் போட்டி முடிந்ததும் லீடர்போர்டு கண்முன் நிற்கும். அதைக் காப்பி செய்து ஒரு ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது. ஐந்து நிமிடம்தான் ஆகும். கல்லூரிக்குத் தரச் சான்று தரும் நாக் கமிட்டியின் ஃபைலுக்கு இதற்கு மேல் யாரும் கேட்கப்போவதும் இல்லை.

படிப்பதற்கு என்றால் இது மிக மெலிந்தது. பட்டியலில் இருப்பது ஹேண்டில், அதாவது தளத்தில் அவரவர் வைத்துக்கொண்ட பெயர். நெல்லைகிங் என்பது யார் என்று அடுத்த வருடம் எவருக்கும் நினைவிருக்காது. போட்டியை உருவாக்கிய அக்கவுண்ட் ஒரு மாணவருடைய சொந்த ஈமெயிலில் இருந்தால், அவர் போன பிறகு உள்ளே போகவே வழியில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். படத்தை வைத்துக் கூட்டிக் கழிக்க முடியாது, அவ்வளவுதான்.

இந்த வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் ரேட்டிங்கை, அதாவது தளம் ஒவ்வொருவருக்கும் தரும் தர எண்ணைத்தான் முன்னேற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு குழி இருக்கிறது. கோட்ஃபோர்சஸில் 2020 முதல் புது அக்கவுண்டின் ரேட்டிங் 0 என்று தொடங்கிக் காட்டப்படுகிறது. உள்ளே கணக்கிடுவது 1400லிருந்து. இந்த இடைவெளியை முதல் ஆறு போட்டிகளில் 500, 350, 250, 150, 100, 50 என்று கூட்டி நிரப்புகிறார்கள். ஆகவே முதல் ஆறு ரவுண்டுகளில் சுமாராக ஆடினாலும் கோடு மேலேதான் ஏறும். அந்த வரைபடத்தை பிளேஸ்மென்ட் மீட்டிங்கில் காட்டி, 'பயிற்சியின் பலன்' என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். ஏழாவது போட்டியிலிருந்துதான் அந்தக் கோடு பேசத் தொடங்கும்.

## வழி 3: ஏபிஐ வழியாக இறக்கி வைப்பது

கோட்ஃபோர்சஸ் தன் தரவை ஒரு ஸ்கிரிப்ட் மூலம் கேட்டு வாங்க ஒரு திறந்த வழி வைத்திருக்கிறது, அதுதான் ஏபிஐ. ஒருவரின் ஹேண்டிலைக் கொடுத்தால் அவர் அனுப்பிய ஒவ்வொரு சப்மிஷனும் வரும்: எந்தக் கணக்கு, எந்த மொழி, என்ன தீர்ப்பு, எத்தனை டெஸ்ட் (நிரலைச் சோதிக்கும் உள்ளீடு) தாண்டியது, எத்தனை மில்லிசெகண்ட், எவ்வளவு மெமரி. இரண்டு செகண்டுக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி. அறுபது பேர் இருக்கும் கிளப்புக்கு ஆளுக்கு ஒன்று என்று கேட்டால் இரண்டு நிமிட வேலை. வாங்கியதை எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலில் போட்டுவிட்டால் ஒரே ஃபைல், பென் டிரைவில் அடங்கிவிடும். பைத்தான் தெரிந்த இரண்டாமாண்டு மாணவர் ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடுவார்.

நம் கல்லூரிப் போட்டியையும் இதற்குள் கொண்டுவரலாம். கோட்ஃபோர்சஸில் ஒரு குழு தொடங்கி, பழைய கணக்குகளைச் சேர்த்து 'மாஷப்' போட்டி ஒன்று அமைத்தால், அதன் தரவையும் ஏபிஐ சாவி (தளம் நமக்குத் தரும் ரகசியக் குறி) கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். கணக்கும் டெஸ்டும் நாம் தயாரிக்க வேண்டாம். ஆனால் பழைய கணக்கு என்பதால் விடை வெளியே கிடைக்கும். பயிற்சிக்குச் சரி, பரிசுப் போட்டிக்குச் சரிவராது.

முதல்முறை இறக்கியபோது எங்கள் குழுவில் ஒரு கணக்கைத் தீர்க்க ஆன சராசரி நேரம் பல ஆண்டுகள் என்று வந்தது. சிரித்துவிட்டுத் தேடிப் பார்த்தோம். போட்டி முடிந்தபின் பயிற்சியாக அனுப்பும் சப்மிஷன்களுக்குப் போட்டி நேரம் என்று ஒன்று இல்லை அல்லவா, அந்த இடத்தில் தளம் 2147483647 என்ற எண்ணை நிரப்பி அனுப்புகிறது. செகண்டில் அது 68 ஆண்டு. போட்டியில் ஆடியவர், விர்ச்சுவலாக (முடிந்த போட்டியைப் பின்னர் அதே நேர அளவில்) ஆடியவர், பயிற்சி செய்தவர் என்று ஒவ்வொரு சப்மிஷனிலும் குறிப்பு இருக்கும். அதைப் பிரிக்காமல் எந்தச் சராசரியும் எடுக்காதீர்கள். அதே குறிப்பால் ஒரு நன்மையும் உண்டு: தோற்ற கணக்கை மறுநாள் உட்கார்ந்து முடித்தவர் யார் என்று தெரிந்துவிடும். யார் முன்னேறுவார் என்று கணிக்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான், ரேங்கை இல்லை.

மறைசெலவுகள் இரண்டு. தளம் நாளை எதையாவது மாற்றினால் ஸ்கிரிப்ட் நிற்கும். சரிசெய்ய ஆள் வேண்டும். அடுத்தது, இந்தத் தரவு யாரைப் பற்றிப் பேசாமல் இருக்கிறது என்பது. கோட்ஃபோர்சஸ் ரவுண்டுகள் பெரும்பாலும் நம் நேரப்படி இரவு 8:05க்குத் தொடங்கும். ஹாஸ்டல் பிள்ளை வைஃபையில் உட்கார்ந்துவிடுவான். களக்காட்டுக்குக் கல்லூரி பஸ்ஸில் திரும்பும் பெண்ணுக்கு லேப்டாப் அண்ணனோடு பொது, நெட் மொபைலில். அவள் வராத ரவுண்டுகள் தரவில் வெற்றிடமாகத்தான் இருக்கும். அதைப் பூஜ்யம் என்று நிரப்பிவிட்டால், திறமையை அளப்பதாக நினைத்துக்கொண்டு வசதியை அளந்துகொண்டிருப்போம்.

நேரம் சர்வதேச நேரத்தில் வரும், 19800 செகண்ட் கூட்டினால் நம் நேரம்.

## வழி 4: சொந்த ஜட்ஜ்

ஜட்ஜ் என்பது அனுப்பிய நிரலை ஓட்டிப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லும் மென்பொருள். டோம்ஜட்ஜ் நெதர்லாந்தில் பிறந்த, இலவசமானது. ஐசிபிசி உலக இறுதிச் சுற்றுகளிலேயே பயன்படுவது. லேபில் ஒரு லினக்ஸ் சர்வர், நிரல்களை ஓட்டிப் பார்க்கும் கணினி (ஜட்ஜ்ஹோஸ்ட்) ஓரிரண்டு இருந்தால் போதும், நெட் இல்லாமலே போட்டி நடத்தலாம். ஒவ்வொரு சப்மிஷனும், எழுதிய நிரல் உட்பட, ஒவ்வொரு டெஸ்டின் தீர்ப்பும் உங்கள் டேட்டாபேஸிலேயே இருக்கும். நிரல் கையில் இருந்தால் காப்பி அடித்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒலிம்பியாட் மாதிரிப் பகுதி மதிப்பெண் வேண்டுமென்றால் அதற்கு சிஎம்எஸ் என்று வேறொரு மென்பொருள் இருக்கிறது.

தரவின் தரத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. அப்படியானால் ஏன் எல்லோருக்கும் இதைச் சொல்வதில்லை?

நிறுவுவது கடினம் என்பார்கள். ஜட்ஜ்ஹோஸ்டில் கர்னல் (லினக்ஸின் உட்கரு) அமைப்பைத் தொட வேண்டும், அது உண்மைதான், இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும். ஆனால் உண்மையான செலவு கணக்கு தயாரிப்பதில் இருக்கிறது. சொந்த ஜட்ஜுக்குச் சொந்தக் கணக்கு வேண்டும், டெஸ்ட் வேண்டும். மெதுவான நிரலைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய உள்ளீடு, எல்லை நிலைகள், இரண்டு பேர் தனித்தனியாக எழுதிய சரியான விடை. ஐந்து கணக்குக்கு இரண்டு பேருக்கு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் சரியில்லையென்றால், நீங்கள் சேர்க்கும் தரவு மாணவரைப் பற்றியதாக இல்லாமல் உங்கள் டெஸ்டைப் பற்றியதாகிவிடும். ஒரு கணக்கில் எல்லோருமே ராங் ஆன்சர் வாங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டெஸ்டைத்தான்.

அப்புறம் பேக்கப். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். தாமிரபரணி பொங்கித் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்றது. தரைத்தளத்து லேபில் இருக்கும் ஒற்றை சர்வர் என்பது ஆற்றை நம்பி வைத்த அடகு. போட்டி முடிந்த அன்றே டேட்டாபேஸை ஒரு பிரதி எடுத்து ஊருக்கு வெளியே எங்காவது வைக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | ஷீட் | தளத்தின் பட்டியல் | ஏபிஐ | சொந்த ஜட்ஜ் |
|---|---|---|---|---|
| தோற்ற சப்மிஷன் | எண்ணிக்கை மட்டும் | பெரும்பாலும் எண்ணிக்கை மட்டும் | முழுவதும், பொதுவாக நிரல் நீங்கலாக | நிரலோடு முழுவதும் |
| ஆளை அடையாளம் காணல் | ரெஜிஸ்டர் நம்பரே இருக்கும் | ஹேண்டில் மட்டும் | ஹேண்டில் பட்டியல் தனியே வேண்டும் | நாம் கொடுக்கும் லாகின் |
| ஒரு போட்டிக்கு ஆகும் வேலை | ஒரு மாலை | ஐந்து நிமிடம் | இறக்கச் சில நிமிடம் | வாரக்கணக்கு |
| பார்த்துக்கொள்ள | யாராலும் முடியும் | யாரும் வேண்டாம் | பைத்தான் தெரிந்த ஒருவர் | லேபில் நிலையாக ஒருவர் |
| பெயர் வெளியே போகும் வாய்ப்பு | லிங்க் பகிர்வைப் பொறுத்து | அதிகம் | ஹேண்டில் ஏற்கெனவே பொதுவில் | குறைவு |
| எங்கே சறுக்கும் | எண் சுருங்குதல், அலுப்பு | ஒரு வருடத்தில் பயனற்றது | ஆள் போனால் நிற்கும் | டெஸ்ட், மின்சாரம், பேக்கப் |

## யாருக்கு எது

இருபது பேருக்குள், மாதம் ஒரு போட்டி: ஷீட். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகள் ஏற்கெனவே வெளித் தளங்களில் ஆடுகிறார்கள், அவர்களை வருடக் கணக்கில் பின்தொடர வேண்டும் என்றால்: ஏபிஐ. கூடவே ரெஜிஸ்டர் நம்பரையும் ஹேண்டிலையும் இணைக்கும் சின்ன ஷீட் ஒன்று, ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில். இரண்டாமாண்டு மாணவர் ஒருவரும் மூன்றாமாண்டு மாணவர் ஒருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டால் மே மாதப் பிரச்சினை பாதி தீரும்.

சுற்றுக் கல்லூரிகளை அழைத்து சிம்போசியம் நடத்துகிறீர்கள், பரிசுப் பணம் உண்டு, லேப் அசிஸ்டென்ட் ஒருவர் லினக்ஸில் கைதேர்ந்தவர்: சொந்த ஜட்ஜ். ஐசிபிசியின் அமிர்தபுரி போன்ற மண்டலச் சுற்றுக்கு அணி அனுப்ப நினைக்கும் கல்லூரிக்கும் இது உதவும். மூன்று பேருக்கு ஒரே கணினி, ஐந்து மணி நேரம், கடைசி ஒரு மணி நேரம் ஸ்கோர்போர்டு உறைந்து நிற்பது, இதெல்லாம் ஒருமுறையாவது அனுபவித்துவிட்டுப் போவது நல்லது. பரிசும் இல்லை, நிலையான ஆளும் இல்லை என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

தளத்தின் பட்டியல் மட்டும் போதும் என்று நான் சொல்வது ஒரே ஒரு நிலைக்குத்தான்: போட்டி ஒருமுறை நடக்கிறது, மறுமுறை நடக்கப்போவதில்லை.

போனில் கேட்ட தம்பிக்கு மாஷப்பும் ஏபிஐயும் என்று முடிவானது. டோம்ஜட்ஜ் ஆசையை அடுத்த ஆண்டு சிம்போசியத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார். நேற்று ஹேண்டில் பட்டியலை அனுப்பினார், 61 பேர். நான்கு பேருக்கு ஹேண்டிலே இல்லை. இரண்டு பேர் ஒரே ஹேண்டிலைக் கொடுத்திருக்கிறார்கள். இருவர் பெயரும் இசக்கிமுத்து. அவர்களைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு மற்றதைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.